நடமாடும் வண்டிகளில் பாட்டரி மின்னேற்றக் கோளாறுகள்: காரணமும் கண்டறியும் முறையும்

விஞ்ஞானக் காட்சிகளையும் மருத்துவ வசதிகளையும் மக்கள் இருக்கும் இடத்திற்கே கொண்டு செல்லும் வண்டிகள் நம் நாட்டில் பல ஆண்டுகளாக ஓடி வருகின்றன. கொல்கத்தாவிலுள்ள பிர்லா தொழில், தொழில்நுட்பக் காட்சியகம் 1965-ஆம் ஆண்டிலேயே நடமாடும் விஞ்ஞானக் கண்காட்சியைத் தொடங்கியது. மருத்துவ முகாம் வண்டிகள், மண் பரிசோதனை வண்டிகள், நூலக வண்டிகள் எனப் பின்னர் பல வகைகள் தோன்றின. இவற்றுள் பெரும்பாலானவற்றில், இயந்திரத்தைக் கிளப்பும் பாட்டரியைத் தவிர, விளக்கு, விசிறி, கருவிகள் முதலியவற்றிற்கென்று தனியே ஒரு பாட்டரி உண்டு. வண்டி ஒரு பள்ளியிலோ சுகாதார நிலையத்திலோ நிற்கும்போது அங்குள்ள 230 வோல்ட் மின்சாரத்தைப் பெற்று அந்தப் பாட்டரி மின்னேற்றம் பெறுகிறது.

இந்த ஏற்பாடு தவறினால் நேரும் இடர் சிறியதன்று. முகாமின் நடுவே விளக்கு அணையும். இரத்த மாதிரிகள் வைத்துள்ள குளிர்ப்பெட்டி நின்றுபோகும். அப்போது பெரும்பாலும் பாட்டரியின் மேல்தான் பழி விழுகிறது. விலையுயர்ந்த புதிய பாட்டரி வாங்கப்படுகிறது. சில மாதங்களில் அதுவும் பழைய பாட்டரியின் கதியையே அடைகிறது. உண்மையான குற்றம் துருப்பிடித்த ஒரு போல்ட்டிலோ மெல்லிய ஒரு கம்பியிலோ இருந்திருக்கலாம். முறையாகச் சோதித்தால் அதனை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்னேற்றி செய்யும் இரு வேலைகள்

230 வோல்ட் மாற்று மின்சாரத்தை ஏற்று, அதனை ஏறத்தாழ 13 முதல் 14.5 வோல்ட் வரையிலான நேர் மின்சாரமாக மாற்றித் தரும் சாதனத்தைக் கன்வர்ட்டர் என்று வழங்குவர். இங்கே அதனை மின்னேற்றி என்று குறிப்பிடுவோம். வண்டியில் அதற்கு ஒரே சமயத்தில் இரண்டு வேலைகள் உண்டு. எரியும் விளக்குகளுக்கும் ஓடும் விசிறிகளுக்கும் மின்சாரம் தருவது ஒன்று; எஞ்சியதைக் கொண்டு பாட்டரியை நிரப்புவது மற்றொன்று. இவ்விரு வேலைகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சான்றாக, வெளி மின்சாரம் இணைந்திருக்கும்போது விளக்குகள் நன்றாக எரிகின்றன; இணைப்பை நீக்கிய மறுகணமே எல்லாம் இருண்டுவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இதிலிருந்து மின்னேற்றி வேலை செய்கிறது என்பது தெளிவு. குற்றம் மின்னேற்றிக்கும் பாட்டரிக்கும் இடையிலோ பாட்டரிக்குள்ளேயோதான் இருக்க வேண்டும். மாறாக, வெளி மின்சாரம் இருக்கும்போதும் விளக்குகள் மங்கிக்கொண்டே போகுமாயின், மின்னேற்றி ஒன்றும் தரவில்லை, பாட்டரியே சுமையைத் தாங்குகிறது என்று கொள்ளலாம்.

பாட்டரியின் உள்ளே நிகழ்வது

காரீய-அமிலப் பாட்டரியை 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே அமைத்தார். இதன் எதிர்த்தகடு காரீயம். நேர்த்தகடு காரீய டையாக்ஸைடு. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்ந்துள்ளன. மின்சாரத்தை நாம் எடுக்கும்போது இரு தகடுகளிலும் காரீய சல்பேட்டு படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றம் செய்யும்போது சல்பேட்டு மறைந்து அமிலம் மீண்டும் அடர்த்தி பெறுகிறது. ஆகவே, அமிலத்தின் ஒப்படர்த்தியே பாட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதைக் காட்டும் நல்ல அளவுகோலாகும்.

ஓய்ந்திருக்கும் ஓர் அறையின் மின்னழுத்தம், ஒப்படர்த்தியோடு 0.84 கூட்டினால் கிடைக்கும் எண்ணுக்கு மிக அண்மையில் இருக்கும். 1.265 ஒப்படர்த்தியுள்ள அமிலத்தில் ஓர் அறைக்கு 2.105 வோல்ட், ஆறு அறைகளுக்கு 12.6 வோல்ட். நம் நாட்டைப் போன்ற வெப்ப நாடுகளில் பல பாட்டரிகளில் 1.240 ஒப்படர்த்தியுள்ள அமிலமே இடப்படுகிறது. அவை முழுமையாக நிரம்பிய நிலையிலும் 12.5 வோல்ட்தான் காட்டும். இதனை அறியாமல், 12.6 அல்லது 12.7 வோல்ட் வரவில்லையே என்று நல்ல பாட்டரியைப் பழிப்பது தவறாகும்.

பாட்டரி நெடுநாள் குறைந்த நிலையில் கிடந்தால், சல்பேட்டு பெரிய படிகங்களாக இறுகி, பிறகு எளிதில் கரைவதில்லை. பாட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடுகிறது. மின்னேற்றக் கோளாற்றை உடனே கவனிக்க வேண்டும் என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

தற்கால மின்னேற்றிகள் இவ்வேலையை மூன்று கட்டங்களாகச் செய்கின்றன. முதற்கட்டத்தில் தம்மால் இயன்ற முழு மின்னோட்டத்தையும் தருகின்றன. பாட்டரியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டை எட்டியதும் அந்த அளவிலேயே நிறுத்திவைக்க, மின்னோட்டம் தானே படிப்படியாகக் குறைகிறது. இறுதியில் 13.5 வோல்ட் அளவிற்கு இறக்கி, நிரம்பிய நிலையைப் பேணுகின்றன. சரியான எண்கள் பாட்டரியின் வகைக்கேற்ப வேறுபடும்; செய்தவர் தந்த குறிப்பையே பின்பற்ற வேண்டும்.

தொடுவதற்கு முன்

மின்னேற்றம் முடியும் தறுவாயில் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வெளிவருகின்றன. காற்றில் ஹைட்ரஜன் 4 சதவிகிதத்தை எட்டினாலே தீப்பற்றும். எனவே, பாட்டரிப் பெட்டியைத் திறந்து காற்றோட்டம் தர வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. மின்னேற்றி ஓடும்போது பாட்டரியின் கிளாம்ப்பைக் கழற்றினால் பொறி பறக்கும்; முதலில் மின்னேற்றியையும் எல்லாச் சுமைகளையும் நிறுத்துக. எதிர்முனையை முதலில் கழற்றி, இறுதியில் பூட்டுக. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை அகற்றிவிடுக. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். அமிலம் மேலே பட்டால் உடனே மிகுந்த நீரால் கழுவ வேண்டும். மின்னேற்றியின் உறையைத் திறந்து 230 வோல்ட் பகுதியைத் தொடும் வேலை, தகுதி பெற்ற மின்பணியாளருக்கு மட்டுமே உரியது.

படிப்படியான சோதனை

இதற்கு வேண்டிய கருவிகள் மூன்றே: ஒரு மல்டிமீட்டர், நேர் மின்னோட்டத்தையும் அளக்கவல்ல கவ்வு அம்மீட்டர், ஒப்படர்த்தி அளக்கும் ஹைட்ராமீட்டர்.

முதற்படி: மின்னேற்றியையும் சுமைகளையும் நிறுத்தி, சில மணி நேரம் கழித்துப் பாட்டரியின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்க. வண்டி ஓடி வந்து நின்றதும் அளந்தால், தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய மின்னேற்றத்தால் எண் உயர்ந்து காட்டும், அதனை நம்பலாகாது.

இரண்டாம் படி: வெளி மின்சாரத்தை இணைத்து, மின்னேற்றியை இயக்கி, அதே முனைகளில் மீண்டும் அளக்க. எண் தெளிவாக உயர்ந்து, நேரம் செல்லச் செல்ல மேலும் ஏறுமாயின் மின்சாரம் பாட்டரியைச் சேர்கிறது. சிறிதும் உயரவில்லையெனில் அடுத்த படிக்குச் செல்க.

மூன்றாம் படி: மின்னேற்றியின் வெளிவாய் முனைகளில் அளக்க. அங்கே 14 வோல்ட், பாட்டரியில் 12.1 வோல்ட் என்றால், இடையில் வழி அறுந்திருக்கிறது அல்லது மிகவும் குறுகியிருக்கிறது. பியூஸ், பாட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச், லக் இணைப்புகள், சேசிஸ் இணைப்பு ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். பாட்டரியை மாற்றிய நாளிலிருந்து தொல்லை தொடங்கியிருந்தால், முனைகளை ஒருகணம் மாற்றித் தொட்டதால் மின்னேற்றியிலுள்ள காப்புப் பியூஸ்கள் உருகியிருக்கக் கூடும். அவற்றை முதலில் சோதிக்க.

இங்கே ஒரு மயக்கத்திற்கு இடமுண்டு. மின்னேற்றியின் முனையிலும் 12.1 வோல்ட் காட்டினால், 'ஏதோ வருகிறது' என்று எண்ணிவிடக் கூடாது. அது பாட்டரியிலிருந்து கம்பி வழியே திரும்பிவந்த மின்னழுத்தமாக இருக்கலாம். எல்லாவற்றையும் நிறுத்தி, பாட்டரியின் இணைப்பை நீக்கி, மின்னேற்றியைத் தனியே இயக்கி அளந்தால் உண்மை புலப்படும். ஆனால் சிலவகைத் தானியங்கி மின்னேற்றிகள், பாட்டரி இணைந்திராவிட்டாலும், பாட்டரி மிகவும் வற்றியிருந்தாலும் இயங்க மறுக்கும். அத்தகையவற்றை நல்ல நிலையிலுள்ள வேறொரு பாட்டரியுடன் இணைத்தே சோதிக்க வேண்டும்.

நான்காம் படி: மின்னேற்றி ஒன்றும் தரவில்லையெனில், அதற்குள் வரும் மாற்று மின்சாரத்தை மின்பணியாளரைக் கொண்டு அளக்கச் செய்க. சுமை ஏறிய நிலையில் அளப்பதே பொருந்தும். சிற்றூர்ப் பள்ளியின் கடைசி அறையிலிருந்து நீண்ட கம்பி வழியே மின்சாரம் எடுக்கும்போது, 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 50 மீட்டர் நீளமிருந்தால், 8 ஆம்பியர் ஓடும்போது அக்கம்பியிலேயே ஏறத்தாழ 10 வோல்ட் இழக்கப்படும். ஊர் மின்னழுத்தமே 190 வோல்ட்டாக இருப்பின் நிலைமை மேலும் மோசமாகும். மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏற்பாடில்லாத பழைய டிரான்ஸ்பார்மர் மின்னேற்றியில், உள்வரும் மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிவருவதும் ஏறத்தாழ அதே வீதத்தில் குறைந்து, 14.4 வோல்ட் 11.5 வோல்ட்டாகிவிடும். 12.1 வோல்ட் உள்ள பாட்டரிக்குள் அது எவ்வாறு புக முடியும்? தற்காலச் சாதனங்களுள் பல இக்குறைவைத் தாங்குமாயினும், அதன் பெயர்ப் பலகையில் குறித்துள்ள எல்லையைப் பார்த்துக்கொள்வது நலம்.

ஓர் எடுத்துக்காட்டு

30 ஆம்பியர் மின்னேற்றியும் 150 ஆம்பியர்-மணிப் பாட்டரியும் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஓய்வு மின்னழுத்தம் 12.1 வோல்ட்; பாட்டரி ஏறக்குறையப் பாதி வற்றியிருக்கிறது. சுமைகள் யாவும் நிறுத்தப்பட்டுள்ளன. மின்னேற்றியை இயக்கியதும் அதன் முனையில் 14.4, பாட்டரி முனையில் 12.6 வோல்ட், கம்பியில் ஓடும் மின்னோட்டம் 9 ஆம்பியர் மட்டுமே. 30 ஆம்பியர் தரவல்ல சாதனம் ஏன் 9 ஆம்பியரோடு நின்றது?

இடையில் இழக்கப்படுவது 1.8 வோல்ட். மல்டிமீட்டரின் ஒரு கம்பியை மின்னேற்றியின் நேர்முனையிலும் மற்றொன்றைப் பாட்டரியின் நேர்முனையிலும் வைத்தால் 0.4 வோல்ட். எதிர்முனைகளுக்கிடையே வைத்தால் 1.4 வோல்ட். ஆகவே, குற்றம் எதிர்முனைப் பக்கத்தில் இருக்கிறது. அப்பக்கத்தை ஒவ்வொரு துண்டாக அளக்கும்போது, சேசிஸில் லக்கைப் பூட்டிய ஒரே போல்ட்டின் இருபுறமும் 1.2 வோல்ட் இருப்பது தெரிகிறது. 1.2-ஐ 9-ஆல் வகுத்தால் அதன் தடை 0.13 ஓம். பார்வைக்கு மிகச் சிறிய எண்; ஆயினும், மின்னேற்றத்தைப் பெரிதும் மட்டுப்படுத்தியது இதுவே. அவ்விடத்தில் ஏறத்தாழ 11 வாட் வீணாகி வெப்பமாகிறது. தொட்டுப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

போல்ட்டைக் கழற்றி, துருவையும் வர்ணத்தையும் உப்புத்தாளால் நீக்கி, பளபளக்கும் உலோகத்தின் மேல் லக்கை இறுகப் பூட்டியதும், மின்னோட்டம் ஏறத்தாழ 22 ஆம்பியராக உயர்கிறது. எஞ்சிய இழப்பு கம்பியின் மெலிவால் நேர்வது.

இத்தகைய இழப்பால் மற்றொரு தீங்கும் உண்டு. பல மின்னேற்றிகள் தம் சொந்த முனையிலுள்ள மின்னழுத்தத்தையே அறிகின்றன. முனையில் 14.4 வோல்ட் இருக்கிறது, மின்னோட்டமோ குறைவாக இருக்கிறது என்று கண்டதும், பாட்டரி நிரம்பிவிட்டதாகக் கருதி 13.5 வோல்ட்டிற்கு இறங்கிவிடுகின்றன. பச்சை விளக்கும் எரிகிறது. பாட்டரியோ பாதி வெறுமையாகவே இருக்கிறது. ஆதலால், விளக்கின் நிறத்தைவிட மீட்டரின் எண்ணையே நம்புக.

கம்பியின் பருமன்

மின்னேற்றியிலிருந்து பாட்டரி 6 மீட்டர் தொலைவில் இருந்தால் போக்குவரத்துச் சேர்த்துக் கம்பி 12 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 3.1 மில்லி ஓம் தடை உண்டு. 30 ஆம்பியர் ஓடும்போது இழப்பு 1.1 வோல்ட். 25 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அதுவே 0.26 வோல்ட்டாகக் குறையும். 230 வோல்ட்டில் 1 வோல்ட் இழப்பது ஒரு பொருட்டன்று. 12 வோல்ட் அமைப்பில் அதுவே மின்னேற்றத்தைத் தடுக்கப் போதுமானது. இயன்றவரை மின்னேற்றியைப் பாட்டரிக்கு அருகில் வைப்பதே சிறந்த பரிகாரம். ஆயின் வாயு வெளிவரும் பெட்டிக்குள்ளேயே வைத்தல் கூடாது. கம்பியைக் காக்கும் பியூஸ், பாட்டரியின் நேர்முனைக்கு அண்மையில் இருக்க வேண்டும்.

அறைகளைச் சோதித்தல்

மின்சாரம் ஒழுங்காகச் சென்றும் பாட்டரி நிற்கவில்லையெனில், அப்போதுதான் பாட்டரியை ஐயுற வேண்டும். மூடி திறக்கக்கூடிய பாட்டரியில், முழு மின்னேற்றத்திற்குப் பின் ஒவ்வோர் அறையின் ஒப்படர்த்தியையும் அளந்து எழுதுக. வெப்பநிலைக்கேற்பத் திருத்தம் வேண்டும்: குறித்த 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்டுக. 37 டிகிரியில் 1.213 என்று காட்டினால் உண்மையான மதிப்பு 1.220.

ஐந்து அறைகள் 1.235 அளவில் இருக்க, ஒன்று மட்டும் 1.150 எனக் காட்டினால் அவ்வறை கெட்டிருக்கிறது. அதற்குப் பரிகாரம் இல்லை. முழுப் பாட்டரியும் ஓய்வில் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால், ஓர் அறை உள்ளே குறுக்கிணைப்பு அடைந்துள்ளது எனலாம். ஆறு அறைகளும் ஒருசேரக் குறைவாக இருந்தால், பாட்டரி கெடவில்லை. போதிய மின்னேற்றம் பெறவில்லை என்பதே பொருள். அறைகளில் நீர் குறைந்திருந்தால் வாலை வடித்த நீரையே ஊற்ற வேண்டும், அமிலம் ஊற்றலாகாது. தகடுகள் மூழ்கியிருக்குமாயின், மின்னேற்றம் முடிந்த பின்னரே நீர் மட்டத்தைச் சரிசெய்க. முன்னரே நிரப்பினால் வாயுக் குமிழ்களால் அமிலம் பொங்கி வழியும்.

குற்றமில்லாமலே தோன்றும் பற்றாக்குறை

எல்லாச் சோதனைகளும் சரியாக இருந்தும் பாட்டரி வற்றுவதுண்டு. அப்போது வரவு செலவுக் கணக்குப் பார்க்க வேண்டும். முற்கூறிய 150 ஆம்பியர்-மணிப் பாட்டரியிலிருந்து ஒவ்வோர் இரவும் 75 ஆம்பியர்-மணி செலவாகிறது. பகலில் 5 மணி நேரம் மட்டும் வெளி மின்சாரம் கிடைக்கிறது. அப்போதும் விசிறிகளும் கருவிகளும் மின்னேற்றி தரும் 30 ஆம்பியரில் 18-ஐ எடுத்துக்கொள்கின்றன என்று கொள்வோம். பாட்டரிக்குக் கிடைப்பது 12 ஆம்பியர். 5 மணி நேரத்தில் 60 ஆம்பியர்-மணி. அதில் 85 சதவிகிதமே பயன்படுமாதலால் சேர்வது 51. நாள்தோறும் 24 ஆம்பியர்-மணி கடன். நிரம்பிய பாட்டரியோடு புறப்பட்டாலும், நான்காம் இரவு முடியும்போது எஞ்சுவது 3 ஆம்பியர்-மணியே. இதில் எந்தச் சாதனத்தின் மேலும் குற்றமில்லை. மின்னேற்ற நேரத்தைக் கூட்டுதல், பகற்சுமையைக் குறைத்தல், கூரையில் சூரிய மின்பலகை அமைத்தல் ஆகியவையே வழி.

நிறுத்திவைத்த வண்டியிலும் கசிவு உண்டு. கடிகாரம், எச்சரிக்கைக் கருவி போன்றவை 0.25 ஆம்பியர் எடுத்தால், 20 நாட்களில் 120 ஆம்பியர்-மணி போய்விடும். கோடை விடுமுறைக்கு வண்டியை நிறுத்துமுன் பாட்டரியை நிரப்பி, எதிர்முனையைக் கழற்றிவைப்பது நன்று.

வெப்பமும் புதிய வகைப் பாட்டரிகளும்

மின்னேற்ற அளவுகள் பொதுவாக 25 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஓர் அறைக்கு ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். கோடையில் 45 டிகிரி எட்டும் பெட்டிக்குள் 14.4-க்குப் பதில் 13.9 வோல்ட் போதும். குறைக்காவிடில் நீர் விரைவில் வற்றும், தகடுகள் அரிக்கப்படும். லடாக் போன்ற குளிர்ப்பகுதிகளில் இதற்கு மாறாக உயர்த்த வேண்டும். வெப்ப உணர்வியுள்ள மின்னேற்றியானால், உணர்வி பாட்டரியோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க.

இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுப் பாட்டரிகளும் வண்டிகளில் இடம்பெறுகின்றன. இவற்றின் மின்னழுத்தம் பெரும்பகுதி நேரமும் 13.2 வோல்ட் அளவிலேயே நிற்பதால், அதைக் கொண்டு இருப்பை அறிய இயலாது. உள்ளிருக்கும் காப்புச் சுற்று துண்டித்துக்கொண்டால் முனையில் மின்னழுத்தமே இராது; அதனைக் கண்டு பாட்டரி இறந்ததென்று முடிவு செய்யக் கூடாது. உறைநிலைக்குக் கீழ் இவற்றிற்கு மின்னேற்றம் செய்தல் தீங்கு. காரீயப் பாட்டரிக்கென அமைந்த மின்னேற்றியை, அதன் அமைப்பை மாற்றாமல் இதற்குப் பயன்படுத்தலாகாது.

பதிவேடும் பாடமும்

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சிறு பதிவேடு இருத்தல் வேண்டும். வாரம் ஒருமுறை ஓய்வு மின்னழுத்தம், மின்னேற்றும்போது இரு இடங்களில் மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகிய நான்கு எண்களை எழுதினால் போதும். மாதம் ஒருமுறை ஒப்படர்த்தியையும் சேர்க்கலாம். முனைகளில் உப்புப் பூத்திருந்தால் சமையற்சோடாக் கரைசலால், அது அறைகளுக்குள் புகாதவாறு, கழுவித் துடைத்து, இறுகப் பூட்டி, வாசலின் தடவுக. எண்கள் மெல்ல மாறும்போதே கோளாற்றைக் கண்டுகொண்டால் முகாமின் நடுவே இருட்டில் நிற்க நேராது.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு நல்ல வாய்ப்பு உள்ளது. பள்ளிக்கு வரும் வண்டியில், மின்னேற்றி முனைக்கும் பாட்டரி முனைக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை மாணவர்கள், ஆசிரியரின் மேற்பார்வையில், 12 வோல்ட் பகுதியில் மட்டும் அளக்கலாம். அதனை மின்னோட்டத்தால் வகுத்துத் தடையைக் கணக்கிடலாம். ஓம் விதி கரும்பலகையில் எழுதும் சூத்திரம் மட்டுமன்று, ஒரு போல்ட்டில் மறைந்திருக்கும் துருவையும் அது காட்டிக்கொடுக்கும் என்பதை அவர்கள் நேரில் அறிவர்.